மணப்பெண்களை அழவைக்கும் துஷாந்தினி

துஷாந்தினி தயிர் வாளியின் மூடியை வெட்டிக்கொண்டிருக்கிறாள். தந்தி மீட்டுகிற சின்ன வில்லைக்காக மூடியில் பேனாவால் வேப்பிலை அளவுக்கு ஒரு வடிவம் கீறி, தையல் கத்தரிக்கோலால் சுற்றி நறுக்கி, ஓரத்தை நகம் அராவும் அரத்தில் தேய்த்து, பிறகு அதைத் தன் முன்பல்லில் மூன்று தரம் தட்டிப் பார்க்கிறாள். மூன்றாவது தட்டில் திருப்தி வந்தால் அது கோட்டுப் பைக்குள் போகும். வராவிட்டால் காரின் தரையில் விழும். கார் புஷ்பவதியுடையது. தரையைக் கூட்டுவதும் புஷ்பவதிதான்.

"உதைக் கடையில விக்கிறாங்களெல்லோ துஷி. வாங்கினால் என்ன?"

"கடையில விக்கிறது தந்தியைக் கடிக்குமக்கா. தயிர் மூடிதான் நக்கும்."

முப்பது வருடமாக இதே கேள்வி, இதே பதில். புஷ்பவதி காரை ஓட்டுகிறாள். துஷாந்தினிக்கு கார் ஓட்டத் தெரியாது. பழகவும் இல்லை. மொன்றியலின் ஒரு மூலையில், ரொக்ஸ்பரோவிலிருந்து புஷ்பவதி புறப்பட்டு, துஷாந்தினி இருக்கிற வில்லரேக்குப் போய், ஒடுங்கிய வெளிப்படிக்கட்டின் கீழே காரை நிறுத்தி ஹோர்ன் அடிப்பாள். கலைஞர் துஷாந்தினி கம்பளி சுற்றிய வாத்தியத்தைப் பிள்ளை மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வருவார். தை மாதத்துப் பனியில் அந்த இறக்கத்துக்குப் பத்து நிமிடம் செல்லும். ஒருநாளும் "பொறுத்திருந்தீங்களோ" என்று கேட்டதில்லை.

அந்த வாத்தியத்துக்கு சாஸ் என்று பெயர். துருக்கிக் கிராமங்களின் வாத்தியம். வயிறு பாதியாகப் பிளந்த பப்பாசிப் பழம் போல இருக்கும். கழுத்து மெலிந்து நீண்டிருக்கும். அந்தக் கழுத்தில் தங்கூசியை, மீன்பிடிக்கிற அதே நைலோன் நரம்பை, இடைவெளி விட்டுச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். கட்டுக்கு ஒரு சுரம். துஷாந்தினியின் சாஸில் மற்றவர்களுடையதைவிட ஒரு கட்டு அதிகம். துருக்கிப் பாட்டை இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்ப் பாட்டின் வளைவுக்குள் இறக்குவதற்காக அவளே கட்டிய கட்டு அது. துருக்கிச் சங்கத்தின் வயதான ஆண்கள் முதலில் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எங்கள் பாட்டில் இந்தச் சுரம் இல்லையே என்றார்கள்.

"இல்லாட்டியென்ன? வீட்டுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டினால் வீடு கோவிக்குமோ?" என்று துஷாந்தினி துருக்கி மொழியில் கேட்டாளாம். அவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அதையே புஷ்பவதி சொல்லியிருந்தால் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

துஷாந்தினிக்கு ஐம்பத்தேழு வயது. ஒல்லி. வாரநாட்களில் ஓர் உடுப்புச் சலவைக் கடையின் பின்னறையில் இருந்து காற்சட்டைகளுக்குக் கரை மடித்துத் தைக்கிறாள். சேர்த்த விடுமுறையை எல்லாம் துருக்கிக்குப் போய்க் கரைத்தாள். ஏழு தரம் போயிருக்கிறாள். நகரங்களுக்கு அல்ல, மலைக் கிராமங்களுக்கு, பஸ்ஸில், கையில் ஒரு கசெற் ரெக்கோர்டருடன். அங்கே ஆடு மேய்க்கிற பெண்களோடும் ரொட்டி தட்டுகிற பெண்களோடும் கிடந்து பாட்டுகளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கலியாணம் கட்டவில்லை. கேட்டால், "எனக்கு எங்கயப்பா நேரம்?" என்பாள். சாப்பாடு பெரும்பாலும் பாணும் வெங்காயமும். சமைக்கத் தெரியாததைக்கூட ஒரு கொள்கை மாதிரிச் சொல்லிக்கொள்ளும் கெட்டித்தனம் அவளிடம் உண்டு.

இந்தக் கதையின் தொடக்கத்தை ஊரில் எல்லோரும் பிழையாகத்தான் சொல்கிறார்கள். வானொலியில் பேட்டி எடுத்தவரும் பிழையாகத்தான் சொன்னார். தொண்ணூற்றொன்றில் தையல் தொழிற்சாலையில் ஹதீஜே என்ற துருக்கிப் பெண்ணுக்குப் பக்கத்து மெஷினில் இருந்தது துஷாந்தினி அல்ல. புஷ்பவதி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. யாரோடும் கதைக்க வெட்கப்பட்டு நாள் முழுக்கக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். ஹதீஜேயை எல்லோரும் "அப்லா" என்பார்கள். துருக்கியில் அக்கா என்று பொருள். அந்த அப்லா மெஷின் சத்தத்துக்கு மேலால் பாடுவாள். புஷ்பவதிக்கு ஒரு சொல் விளங்காது. ஆனால் ஒரு பாட்டு, போகிற பெண் வாசலைப் பார்த்துப் பாடுகிற பாட்டு, அவளுடைய வாய்க்குள் வந்து குந்திவிட்டது.

புஷ்பவதிதான் துஷாந்தினிக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலை எடுத்துக் கொடுத்தாள். அவள்தான் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன்னை மறந்து அந்தப் பாட்டை முணுமுணுத்தாள்.

"உதென்ன பாட்டக்கா?" என்று கேட்டாள் துஷாந்தினி.

அடுத்த திங்கட்கிழமை பார்த்தால் துஷாந்தினி அப்லாவின் மறுபக்கத்து மெஷினில் இருக்கிறாள். மேற்பார்வையாளரிடம் கேட்டு இடம் மாறிக்கொண்டாளாம். மூன்று மாதத்தில் துருக்கி கதைத்தாள். ஒரு வருடத்தில் அப்லாவின் தமையனிடமிருந்து ஒரு பழைய சாஸ் அவள் கைக்கு வந்தது. புஷ்பவதிக்குக் கிடைத்தது தெஃப். பெரிய கஞ்சிரா போன்ற தோல் வாத்தியம். "நீங்கள் தாளம் நல்லாப் பிடிக்கிறியளக்கா," என்று துஷாந்தினிதான் அதை அவள் மடியில் வைத்தாள். அன்றிலிருந்து துஷாந்தினி முன்னுக்கு, புஷ்பவதி பின்னுக்கு. ஒரு கோடைகாலத் திருவிழாவில் வயலின் வாசிக்கும் சென்னைக்காரர் ஒருவரோடு சேர்ந்து இருவரும் வெளிமேடையில் வாசித்தபோது பத்திரிகையில் படம் வந்தது. துஷாந்தினி கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படம். புஷ்பவதியின் முழங்கை அதில் தெளிவாக விழுந்திருந்தது.

துஷாந்தினிக்குப் பெயர் எடுத்துக் கொடுத்தது திருவிழா மேடை அல்ல, மருதாணி மாலைகள். துருக்கிக் கலியாணத்துக்கு முந்திய நாள் பின்னேரம் பெண்கள் மட்டும் கூடுவார்கள். மணப்பெண்ணை நடுவில் கதிரையில் இருத்தி, சிவப்புத் திரையால் முகத்தை மூடி, குமரிகள் மெழுகுதிரியோடு சுற்றி வர, பிறந்த வீட்டைப் பிரிகிற பாட்டைப் பாடுவார்கள். மணப்பெண் அழவேண்டும். அழுத பிறகுதான் மாமியார் அவளுடைய உள்ளங்கையில் மருதாணி வைப்பாள். இந்தக் காலத்து மணப்பெண்கள் இலேசில் அழமாட்டார்கள். மூன்று வருடமாகக் கட்டப்போகிறவனோடுதான் குடியிருக்கிறார்கள்; எதற்கு அழுவது? ஆகவேதான் மொன்றியல் முழுவதும் துருக்கித் தாய்மார் துஷாந்தினியைக் கூப்பிடுகிறார்கள். அவள் வந்தால் மணப்பெண் அழுவாள். நூற்றுக்கு நூறு.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பது புஷ்பவதிக்குத் தெரியும். சில நாட்களுக்கு முன் துஷாந்தினி மணப்பெண்ணின் தாய்க்கு ரெலிபோன் எடுப்பாள். ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "சின்னனில உங்கட பிள்ளை என்னத்துக்காக அடம்பிடிச்சு அழுதவள்?" தாய் சொல்வதைக் குறித்துக்கொள்வாள். மூன்று அடி பழைய பாட்டு. நாலாவது அடியில் அந்தப் பொருளைக் கோர்த்துவிடுவாள். கர்க்லாண்டில் ஒரு பெண், வங்கியில் பெரிய பதவி, மூன்றாவது அடிவரையும் கல்லுப் போல இருந்தாள். நாலாவது அடியில், தாய் உடைந்துவிட்டதென்று எறிந்த சிவப்பு மணல் வாளி வந்தது. அந்தப் பெண் கதிரையிலிருந்து சரிந்துபோய்த் தாயின் காலடியில் கிடந்தாள். எல்லோரும் வந்து துஷாந்தினியின் கையைப் பிடித்தார்கள். வாளியைச் சொன்ன தாயை ஒருவரும் கவனிக்கவில்லை. பின்னால் இருந்து தாளம் பிடித்தவள் கவனித்தாள்.

"தாய் தந்த சொல்லைத்தான் பாடுவன்," என்பாள் துஷாந்தினி. "என்ர கையால ஒண்டும் போடமாட்டன். அது களவு."

இப்போது புஷ்பவதியின் மகள் வித்தியாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை லவாலில் பிறந்த துருக்கிப் பெடியன். மருதாணி மாலையில் துஷாந்தினி பாடவேண்டும் என்று முதலில் சொன்னது மாமியார் நெர்மின் அல்ல, வித்தியாதான்.

"துஷி அன்ரி இல்லாமல் எனக்கு ஹென்னா நைட் வேண்டாம் அம்மா."

"நான் தெஃப் அடிக்கவோ, தாயாய் நிக்கவோ?"

"ரெண்டும் செய்யுங்கோவன். ஸே பா கிராவ்."

பரவாயில்லையாம். புஷ்பவதி அடுப்பைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அடுப்பு ஏற்கெனவே துடைத்திருந்தது.

ரெலிபோன் புதன்கிழமை வந்தது. முன்தினம்கூட ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்த துஷாந்தினி, ஊர்த் தாய்மாருக்குக் கதைக்கிற அதே தொழில் குரலில் கதைத்தாள்.

"புஷ்பாக்கா, வழமையாக் கேக்கிறதுதான். வித்தியா சின்னனில என்னத்துக்காக அடம்பிடிச்சு அழுதவள்?"

புஷ்பவதிக்குப் பதில் தெரியும். கேட்டவளுக்கும் தெரியும். வித்தியாவுக்கு மூன்று நாலு வயதிருக்கும்போது புஷ்பவதி தொழிற்சாலை முடிந்து, பிறகு அலுவலகங்கள் கூட்டப் போவாள். கணவன் மகேந்திரராசாவுக்குப் பின்னேர வேலை. கார்டெரி என்கிற பிள்ளை பராமரிப்பு நிலையம் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது துஷாந்தினி. எட்டு மணிக்குத் தாய் வந்து கூப்பிட்டால், பிள்ளை அந்த வெளிப்படிக்கட்டின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தும். துஷி அன்ரியோடுதான் இருப்பேன் என்று கத்தும். விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கவேண்டும். துஷாந்தினி மேலே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் அப்போது இருந்தது இரக்கம்தானா என்று புஷ்பவதி இன்றுவரை முடிவெடுக்கவில்லை.

இந்தப் பதிலைத் தன் வாயால் சொல்லி, அதை அவள் எண்பது பெண்களுக்கு முன்னால் பாடி, மகள் அதற்கு அழுவதா? பாட்டைக் கொடுத்தாயிற்று. பிள்ளையையும் எழுதிக் கொடுக்கவேண்டுமா?

"பலூன்," என்றாள் புஷ்பவதி.

"என்ன?"

"நீலப் பலூன். கேட்டு அழுதவள். நிலத்தில கிடந்து உருண்டவள்."

ரெலிபோனுக்குள் பேனாவால் மேசையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நீலப் பலூனோ அக்கா?"

"ஓம். எழுதிக்கொள்."

"சரி. எழுதியாச்சு," என்று துஷாந்தினி ரெலிபோனை வைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் வில்லரேயில் ஒரு சின்ன மண்டபம். பாதி துருக்கிப் பெண்கள், பாதி யாழ்ப்பாணத்துப் பெண்கள். ஒரு மேசையில் பக்லாவா இனிப்பு, பக்கத்தில் முட்டை வைத்துப் பொரித்த மிதிவெடி ரோல்ஸ். வித்தியா சிவப்பு வெல்வெட் அங்கியில் வந்து கதிரையில் இருந்தாள். திரையைப் போட்டார்கள். நெர்மின் மருதாணித் தட்டோடு ஒரு பக்கம் நின்றாள். புஷ்பவதி காஞ்சிபுரப் பட்டுக்கு மேலால் தெஃபைப் பிடித்துக்கொண்டு துஷாந்தினிக்குப் பின்னால் இருந்தாள். குமரிகள் மெழுகுதிரிகளை ஏற்றிக்கொண்டு சுற்றத் தொடங்கினார்கள்.

துஷாந்தினி பாடினாள். அவளுடைய குரல் அழகான குரல் இல்லை. கரகரத்தது, பஞ்சு அடைத்தது போலிருக்கும். ஆனால் அது ஒரு சுரத்தின் மேல் போய் நின்றால் மண்டபத்தில் கோப்பை வைக்கிற சத்தமும் கேட்காது. புஷ்பவதி அதை வெறுக்கிற நாட்கள் உண்டு. வெறுத்துக்கொண்டே அவளுக்குத் தாளம் பிடித்த நாட்கள்தான் அதிகம்.

மூன்று அடி முடிந்தது. நாலாவது அடிக்கு இசை துருக்கி, சொல் தமிழ். அந்த அதிகப்படிக் கட்டின் மேல் விரலை வைத்து, துருக்கியிலிருந்து தமிழுக்கு அவள் வழுக்கிக்கொண்டு வந்த விதத்தில் இரண்டு மொழிக்காரரும் தலையை ஆட்டினார்கள்.

"நீலப் பலூன் கேட்டு நிலத்தில் உருண்டவளே..."

திரைக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது.

"பலூனோ? அன்ரி, எனக்குப் பலூனெண்டாலே பயமெல்லோ! வெடிக்குமெண்டு பேர்த்டே பார்ட்டிக்கே போகமாட்டன்!"

யாழ்ப்பாணத்துப் பக்கம் கொல்லென்று சிரித்தது. துருக்கிப் பக்கம் விளங்காமலே சேர்ந்து சிரித்தது. மெழுகுதிரி பிடித்த குமரிகள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். நெர்மின் மட்டும் சிரிக்கவில்லை. குழாய் திருத்த வந்தவன் வீட்டை வெள்ளமாக்கினால் பார்ப்பதுபோலத் துஷாந்தினியைப் பார்த்தாள்.

"அழவேணுமே," என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். "எங்கட வீட்டில அழாமல் மருதாணி வைக்கிறேல்லை. நாளைக்குச் சனம் கதைக்கும்."

முப்பது வருடத்தில் முதல் தரம் துஷாந்தினி தோற்றுப்போய் நின்றாள். புஷ்பவதிக்கு நாக்கின் அடியில் ஏதோ இனித்தது. இனித்து முடிவதற்குள் பயம் வந்தது. இனி அவள் உண்மையைப் பாடுவாள். பாடினால் என்ன குறை? அவளுக்குத் தெரியாததா? தன் பெயரைக் காப்பாற்ற ஒரு சொல் போதும்.

துஷாந்தினி பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். குமரிகள் திரும்பச் சுற்றினார்கள். முதலாம் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. நாலாவது அடி வந்தது. துஷாந்தினி வாயைத் திறக்கவில்லை. அடித்தந்தியை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டு, உடம்பைத் திருப்பி, பின்னால் இருந்த புஷ்பவதியைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை. நாலாவது அடி முழுவதும் சொல் இல்லாமல் போயிற்று. மறுபடி அதே அடியைத் தொடங்கினாள். அதுவும் வெறுமையாகப் போயிற்று. யாரோ ஒரு குமரியின் விரலில் மெழுகு ஒழுகி அவள் "ஸ்" என்றாள்.

புஷ்பவதியின் கை தாளத்தை விடவில்லை. மண்டபத்தில் நாலு பேர் கூடி நின்றால் சுவரோரம் ஒதுங்குகிறவள்.

"துஷி வீட்டுப் படியில நிண்டு அழுதவள்," என்றாள்.

பாடவில்லை. சொன்னாள். துஷாந்தினி தந்தியின் சத்தத்தை இன்னும் குறைத்தாள்.

"கம்பியைப் பிடிச்சுக்கொண்டு அழுவாய் பிள்ளை. நான் வேலை முடிஞ்சு கூப்பிட வந்தால், என்னோட வரமாட்டனெண்டு. ஒவ்வொரு நாளும். விரலைக் கழட்டித்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போறனான். பலூன் பொய். எரிச்சலில சொன்னனான்."

துருக்கிப் பெண்கள் அதையும் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். ஒரு கிழவி "ஆஹ், ஆஹ்," என்று நெஞ்சில் தட்டினாள். தமிழ்ப் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. கதிரையில் இருந்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது. வாய் இருக்கும் இடத்தில் சிவப்புத் துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

"எனக்கு அது ஞாபகமே இல்லை அம்மா," என்றாள் வித்தியா.

புஷ்பவதியின் கை தெஃபின் மேல் நின்றது.

"படி ஞாபகமில்லை. அன்ரி வீட்டில அழுததும் ஞாபகமில்லை. பஸ்... பஸ்ஸில என்னை மடியில வைச்சுக்கொண்டு நீங்கள் அழுவியள். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. அதுதான் எனக்கு ஞாபகம். ஏன் அழுறியளெண்டு கேக்கப் பயம். நான் ஏதோ பிழை விட்டிட்டனெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்..."

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. திரையோடு எழுந்து வந்து, திரையோடு தாயின் தோளில் முகத்தைப் புதைத்தாள். சிறு பிள்ளை அழுவதுபோல வாயைத் திறந்து அழுதாள். தெஃப் இருவருக்கும் நடுவில் நசுங்கிச் சலங்கை குலுங்கியது. நெர்மின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ, கையைப் பிடியுங்கோ," என்று மருதாணித் தட்டோடு ஓடி வந்தாள். பெண்கள் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு தாயையும் மகளையும் சூழ்ந்தார்கள்.

சிவப்புத் துணிக்கு மேலால் புஷ்பவதி நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிட்டதால் அந்தப் பக்கம் துஷாந்தினி தனியாக இருந்தாள். சாஸின் கழுத்தில் கன்னத்தை வைத்து, முகம் தெரியாதபடி குனிந்து, ஒரு முறுக்காணியைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கினாள், தட்டிக் கேட்டாள், கொஞ்சம் ஏற்றினாள். ஒரு தந்தியும் சுருதி விலகியிருக்கவில்லை. அவள் சுருதி கூட்டிக்கொண்டே இருந்தாள்.